ஸ்டாஃபுக்கும் செக்கிங் உண்டு

1

விமானத்தை ஓட்டுகிறவரையும் அதில் சாப்பாடு பரிமாறுகிறவரையும் பயணிகளைப் போலவே நிறுத்தி, பையைத் திறந்து பார்க்க வேண்டுமா, வேண்டாமா? திருப்பூர்ப் பக்கம் இருக்கிற உங்களுக்கு இது ஒரு கேள்வியாகவே பட்டிருக்காது. நூல் விலை, ஆர்டர், பல்லடம் ரோட்டில் ஹாரனிலிருந்து கையை எடுக்காத பஸ்கள் என்று உங்களுக்குப் போதுமான கவலை இருக்கிறது. எனக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இது ஒன்றுதான் கவலை.

நான் கனடாவில் ஒரு விமான நிலையத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கிற முன்பக்கம் அல்ல. பின்பக்கம். விமானிகள், பணிப்பெண்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், உள்ளே சாக்லேட் கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு தட்டு, தட்டில் பை, பை போகிற இயந்திரம், இயந்திரத்துக்குப் பின்னால் நான்.

மார்கழி பிறந்த சமயத்தில் அங்கே சுவரில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். விமானக் குழுவினருக்குச் சோதனையை எடுத்துவிட உத்தேசம். அவர்கள் அட்டையைக் காட்டி, விரலை வைத்து, தனிக் கதவு வழியாகப் போய்க்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வழக்கம்போலச் சோதனை உண்டு. அந்த மற்றவர்களில், எல்லோரையும் சோதிக்கிற நாங்களும் அடக்கம். காலையில் என் சோற்று டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்தவர் டப்பாவைத் திறக்க என்னை உள்ளே விடுவார்கள்.

அறிவிப்பை நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தேன். நாட்டின் பாதுகாப்பை நினைத்து அல்ல. பிறகு நடந்த கூட்டத்தில் அப்படித்தான் சொன்னேன், அது வேறு விஷயம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் மகள் யமுனா விமானப் பணிப்பெண். வீட்டைவிட்டுப் போய்த் தனியாக இருக்கிறாள். ஃபோன் எடுப்பதில்லை. நான் அவளைப் பார்க்கிற ஒரே இடம் அந்தச் சோதனைப் பாதைதான். அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என் மகள் முகத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

2

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு வார்த்தையால்தான்.

நம் ஊரில் 'செக்கிங்' என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தைத்து வந்த பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது. அருள்புரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் அதைத்தான் பார்த்தேன், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும். ஃபைனல் செக்கிங். என் கையைத் தாண்டிப் போன பெட்டி திரும்பி வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இங்கே வந்து நேர்காணலில் என்ன அனுபவம் என்று கேட்டார்கள். செக்கிங் என்றேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே என்றார். ஏற்றுமதிப் பிரிவில் என்றேன். தினமும் எத்தனை பார்ப்பீர்கள் என்றார். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு, சீசனில் அதற்கு மேலும் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"அதில் எத்தனை நிராகரிப்பீர்கள்?"

"நல்ல நாளில் நூற்றுக்கு இரண்டு. மோசமான நாளில் மொத்தமாகவே தள்ளிவிடுவேன்."

"தள்ளிய பிறகு அவர்களை என்ன செய்வீர்கள்?"

"பிரித்துத் திரும்பத் தைப்பார்கள்."

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மெதுவாக, "நாம் மனிதர்களைப் பற்றித்தானே பேசுகிறோம்?" என்று கேட்டார். இல்லை, குழந்தைகள் ஜட்டி பனியனைப் பற்றி என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துவிட்டு, ஆயிரம் ஒரே மாதிரித் துணியில் ஒரு கோணல் தையலைக் கண்டுபிடிக்கிற கண்தான் தனக்கு வேண்டும் என்று வேலையைக் கொடுத்தார். பரவாயில்லை, விவரமான ஆள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடுத்த வார்த்தை காலை வாரியது. பணியாளர் வழி என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாஃப்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். நம் கம்பெனிகளில் ஸ்டாஃப் என்றால் யார்? மாதச் சம்பளத்தில் ஆபீஸில் உட்கார்கிறவர்கள். மெஷினில் உட்கார்கிறவர்களும் செக்கிங்கில் நிற்கிறவர்களும் லேபர். ஸ்டாஃப் போகிற வழியில் லேபர் போனால் வாட்ச்மேன் கத்துவான். அந்தப் பயம் என் காலில் ஊறிப்போயிருந்தது. நான் சீருடையைப் போட்டுக்கொண்டு, அந்த அம்புக்குறியை விட்டு ஒதுங்கி, பயணிகள் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மா என்னிடம் நான்கு கேள்வி கேட்டார். தெரிந்த மாதிரி பதில் சொன்னேன்.

என்னைத் தேடிக்கொண்டு மேற்பார்வையாளர் மேரிசெல் வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, குள்ளமாக, எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பாள். "இங்கே ஏன் நிற்கிறாய்? நீ ஸ்டாஃப்" என்றாள். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அருள்புரத்தில் அத்தனை காலம் வேலை பார்த்தும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்கே தம்பி நாகராஜுக்கு ஃபோன் போட்டேன். அவன் அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறான்.

"நானும் ஸ்டாஃப் ஆயிட்டேன் நாகு" என்றேன்.

"அப்பிடிங்களாக்கா? அப்ப இனி உங்களையெல்லாம் கேட்ல செக் பண்ண மாட்டாங்க."

"அட நீ ஒண்ணு. இங்க ஸ்டாஃபைத்தான் செக் பண்றாங்க."

அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இது என்னங்க்கா ஊரு" என்றான்.

3

கேட் செக்கிங் பற்றி ஊருக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் எல்லாம் வரிசையாக நிற்போம். துணித் தடுப்புக்குப் பின்னால் ஒரு செக்யூரிட்டி அம்மா இடுப்பைத் தடவிப் பார்ப்பாள், டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்வாள். ஒரு பனியனைக்கூட வெளியே கொண்டு போகக் கூடாது. ஒருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பனியன் போட்டுக்கொண்டு போய் மாட்டினாள். குளிருக்குப் போட்டேன் என்றாள், சித்திரை மாதத்தில்.

ஸ்டாஃப் அடுத்த கேட்டில் பையை ஆட்டிக்கொண்டு போவார்கள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு சமயம் பெட்டி பெட்டியாகச் சரக்கு குறைந்தது. கடைசியில் அது போன வழி ஒரு ஸ்டாஃபின் கார் டிக்கி. அந்த மனிதரிடம் மரியாதையாக ராஜினாமா வாங்கி அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து கேட்டில் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். யாருக்கு? எங்களுக்குத்தான். அதுவரை திறந்து பார்த்த டிபன் பாக்ஸை அன்று முதல் கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்தார்கள்.

அதனால்தான் இங்கே ஒரு கேப்டன், தோளில் நான்கு தங்கப் பட்டையோடு, காலணியைக் கழற்றிக்கொண்டு காலுறையோடு நிற்பதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மனசை என்னவோ செய்தது. அவர் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. பழக்க தோஷம், ரிஜெக்ட் என்று வாய் வரை வந்துவிட்டது.

4

யமுனாவுக்கு வருகிறேன்.

இங்கே வரும்போது அவள் ஒன்றாவது. நாங்கள் வீட்டில் விடாப்பிடியாகத் தமிழ் பேசினோம். பள்ளிக்கூடம் அதை ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அவளிடம் நம் ஊர் 'ங்க' மட்டும் தங்கியது. அதை எங்கே போட வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் பின்னால் போடுவாள். நாய்க்குட்டியைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்பாள். ஒருமுறை விமானத்தில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் "சிக்கனுங்களா, பாஸ்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "கண்ணு, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டு, இவள் நம் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்து, இறங்கும்வரை அவளை விடவில்லையாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என்னுடன் வேலை செய்கிற ஒருத்தியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். என் மகள் செய்தி எனக்கு இப்படித்தான் வருகிறது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானத்தில் சேர்ந்தாள். அதுதான் சண்டை. என் வீட்டுக்காரர் செல்வராஜ், "தட்டு எடுக்கறதுக்கா புள்ளையப் பெத்து இத்தன தூரம் கூட்டிட்டு வந்தோம்?" என்று கேட்டார். வந்த புதிதில் அவர் இரண்டு வருஷம் ஹோட்டலில் எடுத்த தட்டு அவருக்கு மறந்துவிட்டது. ஊரில் உறம்பரை, சொந்தபந்தங்களிடம் "ஏர்லைன்ஸ்ல ஆபீஸ் வேலைங்க" என்று சொல்லி வைத்தார். அவர் அப்படிச் சொன்னதை யமுனா பக்கத்து அறையிலிருந்து கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோழிகள் காருடன் வந்தார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் தொலைக்காட்சியில் வானிலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரும் யாரையும் தடுக்கவில்லை. நல்ல குடும்பம்.

அதற்குப் பிறகு தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் அவர் கேட்பார். நேராகக் கேட்க மாட்டார்.

"இன்னைக்கி ரோட்டுல பனி ஜாஸ்திங்களா?"

"ஜாஸ்திதானுங்க."

"பிளைட்டெல்லாம் போச்சுங்களா?"

"போச்சுங்க."

"புள்ள வந்துச்சா?"

வந்தது என்றால் சாப்பிட உட்காருவார். வரவில்லை என்றால் எனக்கு வெளி வேலை இருக்கிறது என்று காரைத் துடைக்கப் போய்விடுவார். உறைபனியில் யாராவது கார் துடைப்பார்களா?

5

யமுனா விமானத்தில் சேர்ந்த முதல் வாரமே மேரிசெல்லிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பெண் என் மகள் என்று. அவளுக்கு ஒரே ஆச்சரியம். என் அட்டையில் குப்புசாமி என்று இருக்கிறது, அது என் அப்பா பெயர். யமுனாவின் அட்டையில் செல்வராஜ், அது அவள் அப்பா பெயர். எங்கள் இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இந்த நாட்டின் எல்லாக் கணினியும் நம்பிக்கொண்டிருந்தது. இங்கே எல்லோரும் என்னைக் குப்பு என்று கூப்பிடுகிறார்கள். என் அப்பாவை ஊரில் யாராவது அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு.

"சொந்தக்காரரைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது, அவர்கள் பையையும் கையால் தொடக் கூடாது. அவ்வளவுதான் விதி" என்றாள் மேரிசெல். இயந்திரத்தின் திரையைப் பார்க்கக் கூடாது என்று விதியில் இல்லை. பார்த்தேன்.

திரையில் பைக்குள் இருப்பது நிறமாகத் தெரியும். இரும்பு நீலம். சோறு, துணி, சோப்பு எல்லாம் ஆரஞ்சு. யமுனாவின் பையை நான் ஆயிரம் பையில் கண்டுபிடிப்பேன். சோற்று டப்பா இல்லாமல் வருகிற நாள் தெரியும். குளிருக்குப் போடும் கையுறை ஒன்று மட்டும் இருந்தால், இன்னொன்றைத் தொலைத்துவிட்டாள் என்று தெரியும். ஒருநாள் மாத்திரை அட்டை இரண்டு வரிசை தெரிந்தது. அவள் தட்டைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"திரவம் ஏதாவது உண்டுங்களா?" இது நான் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

"இல்லீங்க."

"கூரான பொருள்?"

"இல்லீங்க."

"எதுக்குக் கண்ணு மாத்திர?"

அவள் முகம் மாறியது. "அம்மா, அது செக்யூரிட்டி கேள்வி இல்லீங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தபோது வேறு வரிசையில் நின்றாள்.

ஒரு பொட்டலம் முறுக்குகூடக் கொடுக்க முடியாது. சோதித்த பக்கத்தில் இருப்பவருக்கு நான் எதையும் நீட்டினால் அது குற்றம், வேலை போய்விடும். பெற்ற மகளுக்கு முறுக்குக் கொடுத்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போன முதல் பெண் என்று பேர் வாங்கலாம். இருந்தாலும் அவள் வருகிற நாள் எனக்கு நல்ல நாள். முகத்தைப் பார்த்தால் போதும், தூங்கினாளா இல்லையா என்று தெரிந்துவிடும். அது தெரிந்தால் எனக்கும் தூக்கம் வரும்.

6

அறிவிப்பு வந்த பிறகு கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. ஓட்டைக் காலுறைக் கேப்டன் மேஜைக்கு மேஜை போய்ப் பிரசங்கம் செய்தார். "என் கையிலிருந்து நகவெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். பிறகு முந்நூறு பேரோடு விமானத்தையே கொடுக்கிறீர்கள். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்தால் நகவெட்டி எதற்கு?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. பெட்டி ஏற்றுகிற ஒருவர், "அப்படியானால் என்னையும் விடுங்கள், நான் விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே நிற்கிறேன்" என்றார். அதுவும் நியாயம்தான். தரை துடைக்கிற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகராஜிடம் இதைச் சொன்னேன். அவனுக்கும் அங்கே அதே தலைவலி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் வந்து, கேட்டில் பெண்களை மட்டும் சோதிப்பது தப்பு, ஒன்று எல்லோரையும் சோதி, முதலாளி உட்பட, இல்லாவிட்டால் யாரையும் சோதிக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன பண்ணுன?"

"எல்லாத்துக்கும்னு சொல்லிப்போட்டனுங்க்கா. சொன்ன மொத நாளே நான் மாட்டிக்கிட்டேன்."

"எப்பிடி?"

"சாம்பிள் பனியன் ரெண்டு கையில எடுத்துட்டு வந்தனுங்க. நம்ம கேட்ல ஆயிஷாக்கா நிக்கறாங்கல்ல, திருநெல்வேலிப் பக்கம், அவங்க நிறுத்திப்போட்டாங்க. 'பாஸ் எங்க சார்?'ங்கறாங்க. எங்கிட்டயேவான்னேன். 'நீங்கதான சார் எல்லாத்துக்கும்னு சொன்னிய'ங்கறாங்க. பின்னால நூறு பேரு பாத்துட்டு நிக்கறாங்க. என்ன பண்றது? திரும்ப ஆபீசுக்குப் போயி, நானே கேட் பாஸ் எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கிட்டு வந்து குடுத்தனுங்க."

"கோவம் வரலியா?"

"வந்துச்சுங்க. ஆனா அன்னைக்கிருந்து பொம்பளைங்க டிபன் பாக்ஸத் தொறக்கறப்ப மொகத்தத் தூக்கி வெச்சுக்கறதில்லீங்க்கா. நானும் நிக்கறன்ல வரிசைல."

தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, இரண்டு நாட்டுப் பேச்சிலும் எனக்கு உறைத்தது இது ஒன்றுதான்.

7

அறிவிப்பைப் பற்றிக் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். அதில் என்னைப் பேசச் சொன்னாள் மேரிசெல். சோதிக்கிறவர்கள் சார்பில் ஒருவர் வேண்டும், நீதான் பழைய ஆள் என்றாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷைப் பழகினேன். செல்வராஜ் எட்டிப் பார்த்து, "நல்லாப் பேசுங்க. அந்தக் கதவைத் தொறக்க உட்றாதீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் சொன்னது இதுதான். சோதனை என்பது திருடனைப் பிடிக்க மட்டும் அல்ல. நல்லவருக்கு அது ஒரு பாதுகாப்பு. நாளைக்கு ஒருவன் ஒரு பணிப்பெண்ணை மிரட்டி, இந்தப் பொட்டலத்தை உள்ளே கொண்டு போ என்றால், "முடியாது, என்னைச் சோதிப்பார்கள்" என்று அவள் சொல்லித் தப்பலாம். சோதனை இல்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகு அவள் என்ன சொல்லித் தப்புவாள்? அவள்மேல் நம்பிக்கை வைப்பதாகச் சொல்லி, அவளைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

கைதட்டினார்கள். தரை துடைக்கிற அம்மா எழுந்து நின்றே தட்டினார். சொன்னது அத்தனையும் உண்மை. அதை நான் சொன்ன காரணம்தான் வேறு. உலகத்தில் பாதிக் கொள்கை இப்படித்தான் பிறக்கிறதோ என்று அன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அடுத்து விமானக் குழு சார்பில் ஒருவர் என்றார்கள். ஓட்டைக் காலுறை எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்தது யமுனா.

அவள் பேசிய இங்கிலீஷில் ஒரு 'ங்க' கிடையாது. "வாரத்தில் பாதி நாள் நாங்கள் அந்தப் பையில்தான் வாழ்கிறோம். அதுதான் எங்கள் வீடு. வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் முன்னால் என் வீட்டைத் திறந்து காட்டுகிறேன். என் மருந்து, என் உள்ளாடை, நான் சாப்பிட்டது, சாப்பிடாதது எல்லாம் யாரோ ஒருவருக்குத் தெரிகிறது. ஒரு விபத்து என்றால் அத்தனை பயணிகளையும் வெளியேற்ற வேண்டியது நாங்கள். அதற்கு எங்களை நம்புகிறீர்கள். ஒரு கைப்பைக்கு நம்ப மாட்டீர்களா?"

அவள் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அந்த யாரோ ஒருவர் நான்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவளுக்கும் கைதட்டினார்கள், எனக்குத் தட்டியதைவிட அதிகமாகவே.

நான் வீட்டுக்கு வந்தேன். அவர் பனியைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

8

கதவைத் திறந்துவிட்டார்கள். முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது, கூட்டம் ஒரு மரியாதைக்கு என்று பிற்பாடு தெரிந்தது. நம் ஊரிலும் இப்படித்தான், ஆனால் இங்கே கூட்டத்துக்கு பிஸ்கட் நன்றாக இருக்கும்.

தை மாதம் முழுக்க அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. என் இடத்திலிருந்து அந்தக் கதவின் ஓரம் மட்டும் தெரியும். நீலச் சீருடைகள் போகும். எல்லோருக்கும் ஒரே கொண்டை. எது என் மகள் கொண்டை என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இந்தப் பக்கம் தட்டில் வந்து நிற்கிற டப்பாவைப் பார்க்காமல் விட்டு, மேரிசெல்லிடம் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். வீட்டில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கார் மட்டும் பளபளவென்று இருந்தது.

போன வாரம் ஒரு காலை. தரை துடைக்கிற அம்மாவுக்கும் சாக்லேட் கடைப் பையனுக்கும் நடுவில், வரிசையில், நீலச் சீருடை. தட்டை எடுத்து, பையை வைத்து, காலணியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள் யமுனா.

எனக்குக் கை ஓடவில்லை. வாய் மட்டும் வேலையைச் செய்தது. "கதவு அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

மேரிசெல் ஓடி வந்தாள். "நீ இங்கே வரத் தேவையில்லையே. ஏன் வந்தாய்?"

"என் அம்மா இங்கே வேலை செய்கிறார்."

மேரிசெல் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். புதிய திட்டத்தில், சோதனை தேவையில்லாத ஒருவர் தானாகச் சோதனைக்கு வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வருகிறவருக்கு என்று விதி இல்லை. கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். காரணம் விளங்காத நடத்தை. அப்படி நடப்பவரை உட்கார வைத்து, பையைக் காலிசெய்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

"முழுச் சோதனை. நேரம் ஆகும்" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"ஆகட்டும்" என்றாள் யமுனா. "அதற்காகச் சீக்கிரமாகவே வந்தேன்."

சோதனைக்கு உள்ளானவரைத் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் ஒரு பணியாளர் உட்கார வேண்டும், தொடக் கூடாது. அதுவும் விதி. மேரிசெல் அங்கிருந்த ஒரு பெஞ்சைக் காட்டி என்னைப் போகச் சொன்னாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேட்கவில்லை. கேட்டால் செக்யூரிட்டி கேள்வி இல்லை என்பாள்.

அவளே சொன்னாள். "மாத்திர தூக்கத்துக்குங்க அம்மா. நைட் பிளைட் போனா தூக்கம் வரமாட்டேங்குது. இப்ப சாப்பிடறதில்லீங்க."

"சரி கண்ணு."

"திட்ட மாட்டீங்களா?"

"கூட்டத்துல அப்பிடிப் பேசிப்போட்டு, இங்க எதுக்கு வந்தே?"

"அங்க பேசுனது செக்கிங் பத்திங்க. உங்களப் பத்தி இல்லீங்க." கொண்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். "பாதி உங்களப் பத்தித்தான். ஆனா நான் பேசுனதுதான் ரைட்டுங்க அம்மா. இன்னைக்கிக் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்."

"நானும் அதேதான் சொல்லுவேன்."

"தெரியுமுங்க. நல்லாப் பேசுனீங்க. என் ஃபிரண்ட்ஸ்கூட உங்களுக்குத்தான் கைதட்டுனாங்க."

எதிரே மேரிசெல் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு. ஒரே ஒரு கையுறை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று செக்கிங்கில் நின்றவர்களுக்குத் தெரியும்.

"அப்பா எப்பிடி இருக்காருங்க?"

"காரைத் தொடச்சுட்டு இருக்காரு."

"இந்தக் குளுருலயா?"

"உன்னையப் பாத்தன்னு சொன்னாத்தான் உள்ள வந்து சாப்பிடுவாரு. ஒரு மாசமா நானும் சொல்லல."

அவள் குனிந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டு முறை குலுங்கியது. தொடக் கூடாது என்று விதி. நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

மேரிசெல் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் அடுக்கினாள். ஜிப்பை இழுத்தாள். "முடிந்தது. நீ போகலாம்" என்றாள்.

யமுனா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பக்கவாட்டு ஜிப்பை இன்னும் திறந்து பார்க்கவில்லையே" என்றாள்.